பல்லேகலை இரவு ஆட்டத்துக்கு மலையகத்திலிருந்து குடும்பத்தோடு போய்வர: முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து, கண்டிக்கு அருகே உள்ள பல்லேகலை சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்குச் சொந்தக்காரர், பக்கத்து லயத்துக்காரர் (லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) என்று ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஆறு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை எங்கள் அப்பாயி நனைந்த சேலையோடு, சாப்பிடாமல், விடியற்காலை மூன்றரை மணிக்கு வீடு வந்து சேர்ந்தார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் எது பிழையாகப் போனது என்று குறித்து வைத்தேன். புதிதாகப் போகிறவர்களும் அதே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் செய்யவேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. திரும்பி வரும் நேரத்தை முதலில் எழுதுங்கள்

எல்லோரும் டிக்கெட்டில் இருந்துதான் தொடங்குகிறார்கள். பிறகு வேன், பிறகு சாப்பாடு. திரும்பி வருவதை வேனில் ஏறின பிறகுதான் யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். வீட்டு வாசலில் எத்தனை மணிக்கு இறங்குவோம் என்பதை ஒரு தாளில் முதலில் எழுதுங்கள். மற்ற எல்லா முடிவும் அதிலிருந்து வரும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். இரவு 7 மணிக்குத் தொடங்கும் இருபது ஓவர் ஆட்டம் 10.30 அளவில் முடியும். கூட்டத்தோடு வெளியே வந்து வேனைக் கண்டுபிடித்து ஏற 11.15. சாதாரண நாளில் பல்லேகலையிலிருந்து கண்டிக்கு அரை மணி நேரம் போதும். ஆட்டம் முடிந்த இரவில் அதை நம்ப முடியாது, 12 மணி என்று வையுங்கள். கண்டியிலிருந்து பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேன வழியாக ஹட்டன் வர இரண்டரை மணி நேரம். அங்கிருந்து தோட்டத்து ரோட்டில் இன்னும் அரை மணி. ஆக, விடியற்காலை மூன்று.

மறுநாள் காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போகவேண்டிய அம்மாமார் கூட வருகிறார்களா? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமா? அப்படியென்றால் அந்த ஆட்டம் உங்களுக்கானதல்ல. ஒரு நாள் பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) போனால் என்ன என்று போகும்போது சொல்லலாம். சம்பளத் துண்டைப் பார்க்கும்போது அப்படிச் சொல்ல முடியாது. முன்கூட்டியே லீவு சொல்லிவிட்டு வருவது வேறு, தூக்கமில்லாமல் கொழுந்து மலையில் ஏறுவது வேறு. சரிவில் கால் இடறினால் அது பெரிய விஷயம்.

2. யார் வருகிறார்கள் என்பதை வைத்து ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

எல்லா ஆட்டமும் இரவு ஆட்டமல்ல. ஐந்து நாள் நடக்கும் டெஸ்ட் ஆட்டம் ஒவ்வொரு நாளும் காலை 10 மணிக்குத் தொடங்கி மாலையில் முடிந்துவிடும். நடுவில் எப்போது வேண்டுமானாலும் எழுந்து கிளம்பலாம், கூட்டமும் குறைவு. வயதானவர்களையும் கைப்பிள்ளைகளையும் முதல் தடவை கூட்டிப்போக அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. லங்கா பிரீமியர் லீக்கில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் வைக்கும் நாட்களில், பிற்பகல் ஆட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு இருட்டும்போது புறப்படலாம்.

பகலிரவு ஒருநாள் ஆட்டம்தான் மிகவும் கடினம். பிற்பகல் 2.30க்குத் தொடங்கி இரவு பத்தைத் தாண்டும். காலை 8 மணிக்குத் தோட்டத்தை விட்டவர்கள் வீடு திரும்பும்போது பத்தொன்பது மணி நேரம் ஆகியிருக்கும். இளைஞர்கள் தாங்குவார்கள். ஐந்து வயதுப் பிள்ளை இரண்டாவது இன்னிங்ஸ் முழுவதும் மடியில்தான் கிடக்கும்.

வீட்டில் ஒருவர்கூட வர விருப்பமில்லாமல் இருந்தால் அவரை வற்புறுத்தாதீர்கள். எட்டு மணி நேரம் சலிப்போடு உட்கார்ந்திருப்பது அவருக்கும் கஷ்டம், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கஷ்டம்.

3. வாகனம் பேசும்போது டிரைவரின் தூக்கத்தையும் சேர்த்துப் பேசுங்கள்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். மற்ற எதில் பிழை விட்டாலும் ஒரு நாள் கெடும். இதில் பிழை விட்டால் உயிர் போகும். 2025 மே மாதம் கொத்மலைப் பக்கம் கெரண்டி எல்லயில், அதிகாலை நேரத்தில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதுபோன்ற மலைப்பாதைகளில், அதே நேரத்தில்தான் நீங்களும் திரும்பி வரப் போகிறீர்கள்.

ஹயருக்கு வேன் பேசும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். முந்தின இரவு அவருக்கு ஓட்டம் இருக்கிறதா? ஆட்டம் நடக்கும் நேரத்தில் வேனில் படுத்துத் தூங்குவாரா? இரண்டாவது டிரைவரைக் கூட்டிவர முடியுமா? இரண்டாவது டிரைவருக்கான செலவைப் பத்துப் பன்னிரண்டு பேர் பகிர்ந்தால் தலைக்கு அதிகம் வராது.

டிரைவருக்கும் ஒரு டிக்கெட் வாங்கி உள்ளே கூட்டிப்போவது அன்பு என்று பலர் நினைக்கிறார்கள். நானும் ஒரு தடவை அப்படிச் செய்தேன். திரும்பும்போது கினிகத்தேனைக்கு மேலே வளைவுகளில் அவருக்குக் கண் சொக்கியது. பக்கத்து சீட்டில் இருந்த என் மச்சான் கவனித்ததால் வண்டியை ஓரம் கட்டி ஒரு மணி நேரம் நிறுத்தினோம். அவருக்கு நல்ல சாப்பாடு, கை கால் நீட்டிப் படுக்க இடம், ஒரு போர்வை. அன்றைக்கு அவருக்குத் தேவை இதுதான். ஆட்டம் காட்ட விருப்பமென்றால் இன்னொரு நாள் அவரைப் பயணியாகக் கூட்டிப்போங்கள்.

பஸ்ஸில் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போவது எளிது. ஹட்டனிலிருந்து கண்டிக்கு பஸ், கண்டியிலிருந்து திகன, தெல்தெனிய, மஹியங்கனை பக்கம் போகும் பஸ். திரும்புவதுதான் சிக்கல். இரவு 11 மணிக்குப் பிறகு ஹட்டன் பஸ் கிடைக்கும் என்று நம்பி யாரையும் கூட்டிப்போகாதீர்கள். கண்டியில் சொந்தக்காரர் வீடு இருந்தால் தங்கிவிட்டுக் காலையில் வாருங்கள், இல்லையென்றால் பகல் ஆட்டத்துக்குப் போங்கள். ரயிலை நம்பித் திட்டம் போடுபவர்கள், 2025 நவம்பர் டித்வா புயல் மலையக ரயில் பாதையைச் சேதப்படுத்தியதை நினைவில் வைத்து, அன்றைய நிலவரத்தை நிலையத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொன்று. கண்டியில் இறங்கி "கிரவுண்டுக்கு எப்படிப் போவது" என்று மட்டும் கேட்காதீர்கள். கண்டியில் அஸ்கிரிய மைதானம் இருக்கிறது, போகம்பறை மைதானம் இருக்கிறது, ரக்பி ஆடும் நித்தவெல இருக்கிறது. ஒரு தடவை எங்களோடு சேர்ந்துகொள்ள வந்த ஒரு குடும்பம் போகம்பறை வாசலில் நின்றுகொண்டு எங்களைத் தேடியது. பல்லேகலை என்று ஊர் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

பதுளைப் பக்கத்து ஆட்கள் கண்டி நகரத்துக்குள் வரவே தேவையில்லை. மஹியங்கனை போய் அங்கிருந்து கண்டி வீதியில் ஏறினால், கண்டிக்கு முன்பே பல்லேகலை வந்துவிடும். ஆனால் அதில் பழைய பதினெட்டு வளைவு இருக்கிறது. இரவில் அந்த வளைவுகளில் இறங்க, பாதை பழகிய டிரைவர் வேண்டும். ரந்தெனிகல வழியாகக் குறுக்கே போகலாம் என்று யாராவது சொன்னால், இரவுக்கு அது வேண்டாம். யானை நடமாடும் பாதை.

4. இடத்தைப் பார்த்து டிக்கெட் வாங்குங்கள், விலையைப் பார்த்து அல்ல

டிக்கெட் விற்பனை எப்போது, எங்கே என்பதை இலங்கை கிரிக்கெட் நிறுவனம் தன் பக்கங்களில் அறிவிக்கும். இந்தியா வரும் ஆட்டங்களுக்கு அறிவிப்பு வந்த அன்றே வாங்கிவிடுங்கள். மைதானத்து வாசலில் கைமாற்றி விற்பவர்களிடம் வாங்கவேண்டாம். ஒரே டிக்கெட்டைப் படமெடுத்து இரண்டு பேருக்கு விற்றால், முதலில் உள்ளே போனவருக்குத்தான் அது டிக்கெட்.

பல்லேகலையில் புல்மேடும் இருக்கிறது, நாற்காலி போட்ட பகுதிகளும் இருக்கின்றன. புல்மேடு விலை குறைவு, பிள்ளைகள் ஓடியாட இடம் உண்டு, பப்பரே வாத்தியத்தோடு ஆடுபவர்களும் அங்கேதான் சேர்வார்கள். ஆனால் அது சரிவு. முதுகு சாய இடமில்லாமல் நான்கு மணி நேரம் வயதானவர்களால் உட்கார முடியாது. கூரையும் இல்லை, மழை பெய்தால் முழுவதும் நனைய வேண்டியதுதான். முழங்கால் வலி உள்ள ஒருவர் கூட வந்தாலும் அவருக்கும் துணைக்கு ஒருவருக்கும் நாற்காலிப் பகுதியில் வாங்குங்கள். மற்றவர்கள் புல்மேட்டில் இருக்கலாம்.

பிற்பகல் ஆட்டமென்றால் வெயில் எந்தப் பக்கம் விழும் என்று யோசியுங்கள். மேற்குப் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்தால் சீக்கிரம் நிழல் கிடைக்கும். கிழக்கில் உட்கார்ந்து மேற்கைப் பார்த்தால், சூரியன் இறங்கும் ஆறு மணி வரை கண்ணுக்கு நேரே அடிக்கும். வாங்குவதற்கு முன் கைத்தொலைபேசி வரைபடத்தில் மைதானத்தைப் பார்த்துத் திசையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

டிக்கெட்டில் உள்ள சிறிய எழுத்தையும் வாசியுங்கள். மழையால் ஆட்டம் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா, எத்தனை ஓவர் வீசியபின் கிடைக்காது என்பது அதில்தான் இருக்கும்.

5. முந்தின நாள்: பை

மலையகத்து ஆட்கள் செய்யும் முதல் பிழை உடுப்பில்தான். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கண்டிப் பக்கம் சுமார் 500 மீட்டர். வீட்டுக் குளிருக்குத் தடித்த ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து, பல்லேகலை வெயிலில் வியர்த்துக் களைத்துவிடுகிறார்கள். இல்லையென்றால் வெயிலை நினைத்து மெல்லிய சட்டையோடு வந்து, நள்ளிரவில் மேலே ஏறும்போது நடுங்குகிறார்கள். உள்ளே மெல்லிய பருத்தி உடுப்பு. ஸ்வெட்டரும் காது மூடும் தொப்பியும் வேனிலேயே இருக்கட்டும்.

குடையை விட மழைக்கோட் நல்லது. குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு ஆட்டம் தெரியாது, சண்டை வரும். வாசலில் கூர்முனைக் குடையை வாங்கி வைத்துவிடவும் கூடும். புல்மேட்டுக்கு ஒரு பொலித்தீன் விரிப்பு அவசியம். பனி விழுந்ததும் புல் ஈரமாகிவிடும்.

சாப்பாட்டில் கவனம் வேண்டும். காலையில் அரைத்த தேங்காய்ச் சம்பல் இரவு வரை தாங்காது, வேன் சூட்டில் புளித்துவிடும். அப்பாயி முதல் தடவை சாப்பிடாமல் வந்தது அதனால்தான். ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுபோங்கள், தேங்காய் சேராததால் அது நிற்கும். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் வேனிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும், திரும்பும்போது சாப்பிட இன்னொரு பொதியும் வேனில் இருக்க வேண்டும். ஆட்டம் முடியும் நேரத்தில் பாதையோரத்துக் கடைகளில் பாதிக்கு மேல் மூடியிருக்கும்.

கண்ணாடிப் போத்தல், டின், தீப்பெட்டி, லைட்டர், பட்டாசு, லேசர் விளக்கு, தடித்த கம்பு கட்டிய கொடி, மதுபானம், கத்தி எதுவும் வேண்டாம். பழம் வெட்டும் சின்னக் கத்தியைப் பையிலேயே மறந்து வருபவர்கள் நிறைய. பையை வீட்டிலேயே ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள்.

அடையாள அட்டை, வழக்கமாகக் குடிக்கும் மருந்து, சில்லறைக் காசு, பவர் பேங்க், சின்ன டோர்ச். வளைவுப் பாதையில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு இஞ்சி டொபியும் சில பைகளும். இவ்வளவு போதும்.

6. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுத் தாள்

இது சின்ன வேலை, ஐந்து நிமிடம் போதும். ஆனால் யாரும் செய்வதில்லை.

மைதானத்துக்குள் முப்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் தொலைபேசி எடுத்தால் அழைப்பு போகாது. அதுவும் ஆட்டம் முடிந்த நிமிடத்தில் சுத்தமாகப் போகாது. குறுஞ்செய்தி மட்டும் எப்படியாவது நுழைந்துவிடும். எனவே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: உங்கள் எண், டிரைவர் எண், வாசல் எண், இருக்கைப் பகுதி, பிரிந்துபோனால் சந்திக்கும் இடம்.

சந்திக்கும் இடம் மைதானத்துக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே ஓர் இடத்தைச் சொன்னால், கூட்டம் வெளியே தள்ளிக்கொண்டு வரும்போது அதற்கு எதிர்த்து யாராலும் திரும்பிப் போக முடியாது.

எங்கள் பெரியவர்களில் பலர் தமிழ் மட்டும் வாசிப்பவர்கள். அங்குள்ள பலகைகளில் சிங்களமும் ஆங்கிலமும்தான் பெரிதாக இருக்கும், ஒலிபெருக்கி அறிவிப்பும் பெரும்பாலும் அப்படித்தான். நுழையும்போது வாசல் பலகையைப் படமெடுத்து அவர்கள் தொலைபேசியில் வைத்துவிடுங்கள். வழி கேட்க வேண்டி வந்தால் அந்தப் படத்தைக் காட்டினால் போதும், பேச்சே தேவையில்லை. எங்கள் பெரியம்மா அப்படித்தான் ஒரு பொலிஸ்காரரிடம் படத்தைக் காட்டித் தனியாகவே வந்து சேர்ந்தார்.

பிள்ளைகளுக்கு மணிக்கட்டில் பேனாவால் எண்ணை எழுதுங்கள். காணாமல் போனால் தேடி ஓடக்கூடாது, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று வேனிலேயே இரண்டு தடவை சொல்லிக் கொடுங்கள்.

7. புறப்பாடும் வேன் நிறுத்தும் இடமும்

ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரத்துக்கு முன் மைதானத்துப் பக்கம் இருக்க வேண்டும். ஹட்டனிலிருந்து என்றால் அதற்கு நான்கு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். பாதைக்கு மூன்று மணி, கண்டி நெரிசலுக்கு ஒரு மணி. கண்டியைத் தாண்டித் தென்னகும்புர பாலம், குண்டசாலை வழியாகப் போகும் வீதி ஆட்ட நாளில் ஊர்ந்துதான் நகரும். பெரிய ஆட்டங்களுக்குப் பொலிஸார் பாதையையும் வாகனத் தரிப்பிடத்தையும் மாற்றுவார்கள்.

கம்பளையில் ஒரு தடவை கட்டாயம் நிறுத்தி எல்லோரும் கழிவறை போய்வாருங்கள். அதற்குப் பிறகு வசதியான இடம் தேடுவது கஷ்டம்.

வேன் நிறுத்தியதும் யாரும் உடனே நடக்கத் தொடங்கவேண்டாம். இலக்கத் தகட்டையும் பக்கத்தில் உள்ள கடை அல்லது கட்டடத்தையும் சேர்த்து ஒரு படம் எடுங்கள். பகலில் பார்த்த இடம் இருட்டில் வேறு மாதிரி இருக்கும், அதோடு வெள்ளை வேன்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். வண்டியை வெளியே பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள்.

8. வாசலில், பிறகு உள்ளே முதல் கால் மணி நேரம்

சோதனைக்குப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனி வரிசை. அங்கேதான் குடும்பங்கள் பிரிகின்றன. டிக்கெட் எல்லாம் ஒருவர் கையில் இருந்தால் இன்னொரு வரிசையில் நிற்பவர் மாட்டிக்கொள்வார். வரிசைக்கு வரும் முன்பே அவரவர் டிக்கெட்டை அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள். சோதனை முடிந்ததும் எங்கே காத்திருப்பது என்பதையும் பேசிக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் நேரே இருக்கைக்கு ஓடத் தோன்றும். அந்தப் பச்சைப் புல்வெளியையும் வெளிச்சத்தையும் முதல் தடவை நேரில் பார்க்கும்போது பிள்ளைகள் பேச்சற்று நிற்பார்கள். அதை நன்றாகப் பார்க்க விடுங்கள். அதன் பிறகு, கூட்டம் நிறையும் முன், கழிவறை எங்கே, குடிநீர் எங்கே, முதலுதவி எங்கே, நீங்கள் வந்த வாசல் தவிர இன்னொரு வெளியேறும் வழி எங்கே என்று ஒருவராவது நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

கழிவறைக்கு இடைவேளையில் போகாதீர்கள். எல்லோரும் அப்போதுதான் போவார்கள், பெண்கள் வரிசை இன்னும் நீளம். ஓவர் நடந்துகொண்டிருக்கும்போது, அதுவும் ஆட்டம் மெதுவாகப் போகும் நடு ஓவர்களில் போய்வந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.

9. மழை வந்தால்

பல்லேகலையில் மழை ஒரு விருந்தாளி அல்ல, வீட்டுக்காரர். 2010 டிசம்பரில் இங்கே நடந்த முதல் டெஸ்ட் ஆட்டமே மழையால் முடிவில்லாமல் போனது. 2023 செப்டம்பர் 2ஆம் திகதி ஆசியக் கிண்ணத்தில் இந்தியா 266 ஓட்டங்கள் எடுத்த பிறகு பாகிஸ்தான் ஒரு பந்துகூட ஆடாமல் ஆட்டம் கைவிடப்பட்டது. எத்தனையோ பேர் தூரத்திலிருந்து வந்து பாதி ஆட்டத்தோடு திரும்பினார்கள்.

புதியவர்கள் இரண்டு விதமாகப் பிழை விடுகிறார்கள். சிலர் மழை தொடங்கியதுமே வெளியே போய்விடுகிறார்கள். வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், மழையோ நாற்பது நிமிடத்தில் நின்றுவிடும். இருபது ஓவர் ஆட்டத்தில் இரண்டாவது அணிக்கு ஐந்து ஓவர் கிடைத்தாலே முடிவு சொல்லலாம், ஒருநாள் ஆட்டத்தில் இருபது ஓவர் வேண்டும். ஆகவே நடுவர்கள் எளிதில் கைவிட மாட்டார்கள். இன்னும் சிலர் இதை நம்பியே கடைசிவரை நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நான் பின்பற்றும் விதி இது. முதல் பிரிவில் எழுதிய தாளில் "இத்தனை மணிக்குள் ஆட்டம் மீண்டும் தொடங்காவிட்டால் கிளம்புகிறோம்" என்று ஒரு நேரமும் இருக்க வேண்டும். இரவு ஆட்டத்துக்கு நான் 9.30 என்று வைப்பேன். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து எடுத்த முடிவு, மழையில் நின்று எடுக்கும் முடிவை விட நல்லதாக இருக்கும்.

அங்கே பெய்யும் மழையை விட மேலே, நீங்கள் திரும்பப் போகும் பாதையில் பெய்யும் மழைதான் முக்கியம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டமாக அறிவிக்கும். புறப்படும் அன்று காலையில் உங்கள் பாதையில் உள்ள பிரதேசங்களுக்குச் செம்மஞ்சளோ சிவப்போ இருந்தால் பயணத்தை விட்டுவிடுங்கள். டிக்கெட் காசு போகட்டும். மைதானத்தில் இருக்கும்போது அறிவிப்பு வந்தால் இரவைக் கண்டியிலேயே கழியுங்கள்.

10. இசை நிகழ்ச்சி என்றால் எது மாறும்?

நுவரெலியா வசந்த காலத்தில், அல்லது கண்டி, ஹட்டன், பதுளை மைதானங்களில் நடக்கும் இசை நிகழ்ச்சிக்கும் மேலே சொன்ன வரிசைதான். ஆனால் மூன்று விஷயம் வேறு.

முடியும் நேரம் யாருக்கும் தெரியாது. ஆட்டத்துக்கு ஓவர் கணக்கு உண்டு, பாட்டுக்கு இல்லை. ஆறு மணி என்று போட்டிருந்தால் எட்டு மணிக்குத் தொடங்கலாம். நீங்கள் காத்திருக்கும் பாடகர் கடைசியில்தான் வருவார். அதனால் கிளம்பும் நேரத்தை நீங்களே முடிவு செய்து, டிரைவரிடமும் சொல்லிவிடுங்கள்.

மேடைக்கு நேர் முன்னால் பிள்ளைகளோடு நிற்காதீர்கள். 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் தென்னிந்தியக் கலைஞர்களின் நிகழ்ச்சியில் கூட்டம் தடுப்புகளைத் தாண்டி உள்ளே வந்ததால் நிகழ்ச்சி இடையில் குழம்பிப்போனது. அப்படி ஒரு தள்ளுமுள்ளு வந்தால் நடுவில் நிற்பவருக்கு வழியே இல்லை. பக்கவாட்டில், வெளியேறும் வழிக்கு அருகில் நில்லுங்கள். கூட்டம் நெருக்கினால் கைகளை மார்புக்கு முன்னால் மடித்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொண்டு, எதிர்த்துத் தள்ளாமல் சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள். கீழே விழுந்த செருப்பைக் குனிந்து எடுக்காதீர்கள்.

அப்புறம் காது. பெரிய ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் சத்தம் 100 டெசிபலை எளிதாகத் தாண்டும். அந்த அளவில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருப்பதே காதுக்கு ஆபத்து. பாமசியில் காதடைப்பான் குறைந்த விலையில் கிடைக்கும், பிள்ளைகளுக்குக் கட்டாயம் வாங்குங்கள். கைக்குழந்தையை ஒலிபெருக்கிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. மறுநாளும் காதில் இரைச்சல் கேட்டால் டொக்டரிடம் காட்டுங்கள்.

11. முடியும் நேரம்

கடைசிப் பந்து விழுந்ததும் எழுந்து ஓடுவதுதான் மிக மோசமான தேர்வு. அந்தப் பத்து நிமிடத்தில் எல்லோரும் அதே வாசலுக்கு வருகிறார்கள். வயதானவர்கள் இருந்தால் இரண்டாவது இன்னிங்ஸின் பதினாறாவது, பதினேழாவது ஓவரில் கிளம்புங்கள். இல்லையென்றால் முழுதாக உட்கார்ந்திருங்கள். பரிசளிப்பு நடக்கும், பிள்ளைகள் வீரர்களை இன்னும் கொஞ்சம் பார்ப்பார்கள், அரை மணி நேரத்தில் படிகள் காலியாகிவிடும்.

எழும் முன் ஆட்களை எண்ணுங்கள். பொலித்தீன் விரிப்பு, போத்தல், குப்பை எல்லாவற்றையும் நீங்களே எடுத்துக்கொண்டு வாருங்கள். ஈரப் புல்மேட்டில் இறங்கும்போது பெரியவர்களுக்கு முன்னால் ஒருவர், பக்கத்தில் ஒருவர் நடக்கட்டும். வேனில் ஏறியதும் மறுபடியும் எண்ணுங்கள். இருட்டில் "எல்லோரும் வந்தாச்சு" என்ற சத்தத்தை நம்பவேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

12. இரவுப் பாதை

முதலில் ஈர உடுப்பை மாற்றி ஸ்வெட்டர் போடுங்கள், பிறகு சாப்பிடுங்கள், பிறகு புறப்படுங்கள். ஓடும் வேனில் வளைவுப் பாதையில் சாப்பிட்டால் பாதிப் பேருக்கு வாந்தி வரும்.

டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் விழித்திருக்கக்கூடிய ஒருவர் உட்கார வேண்டும். பேச்சுக் கொடுப்பது மட்டும் அவர் வேலையல்ல, டிரைவரின் கண்களைக் கவனிப்பதும்தான். அடிக்கடி கொட்டாவி, கழுத்தைத் தேய்ப்பது, வளைவில் பிரேக் தாமதமாவது. இதில் ஒன்றைக் கண்டாலும் நிறுத்தச் சொல்லுங்கள். பாட்டைச் சத்தமாக வைத்தால் தூக்கம் போகாது. இருபது நிமிடம் படுத்தால்தான் போகும். கம்பளையில் ஒரு தடவை, மலையேறத் தொடங்கும் முன் நாவலப்பிட்டியில் ஒரு தடவை நிறுத்துவது எங்கள் வழக்கம். நுவரெலியாக்காரர்கள் புசல்லாவையில் நிறுத்துங்கள். அதற்கு மேலே இறம்பொடைப் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் பாதையின் ஓரம் தெரியாது, அங்கே நிறுத்துவதும் ஆபத்து.

அவசரமென்றால் அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. மூன்றும் ஏற்கெனவே உங்கள் தொலைபேசியில் இருக்கட்டும்.

இறக்கிவிடும் வரிசையையும் முன்பே பேசிவிடுங்கள். எங்கள் தோட்டத்தில் மேல் கணக்குக்கு (மேல் பிரிவுக்கு) வேன் ஏறாது, கீழ் லயத்திலிருந்து நடக்க வேண்டும். அந்த ஆட்களை முதலில் இறக்கி, டோர்ச் வெளிச்சம் வீட்டு வாசலை அடையும்வரை வேன் விளக்கை அணைக்காமல் காத்திருப்போம். கடைசியாக இறங்குபவர் டிரைவரை வீட்டுக்குள் கூப்பிட்டு ஒரு பிளேன்டீ கொடுத்து, தூக்கம் வந்தால் விடியும்வரை இங்கேயே படுங்கள் என்று பாயைப் போட்டுவிடுங்கள். ஹட்டனுக்குத் திரும்ப அவருக்கு இன்னும் அரை மணி நேரப் பாதை இருக்கிறது, அதில் அவர் பக்கத்தில் யாரும் இருக்கப்போவதில்லை.